9 லட்சத்துக்கு ரீஸ்டோர் பண்ணின கான்டெஸா: வாங்கலாமா? ஒரு சி.ஏ. போட்ட கணக்கு



போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போன். எங்க ஊர் பனமரத்துப்பட்டி தம்பி ஒருத்தர், வயசு 27, சேலத்துல ஒரு தனியார் கம்பெனியில வேலை. கைக்கு வர்ற சம்பளம் 52,000.

"அண்ணா, ஒரு கான்டெஸா விலைக்கு வந்திருக்குங்ணா. 92 மாடல். முழுசா ரீஸ்டோர் பண்ணி, அப்கிரேடும் பண்ணிருக்காங்க. 9 லட்சம் சொல்றாரு. கைல 3 இருக்கு, 6 பர்சனல் லோன் போட்டுக்கலாம்னு இருக்கேன். இந்த வண்டி விலை ஏறிட்டேதான் போகுமாம், இன்வெஸ்ட்மென்ட் மாதிரிங்கறாரு. வாங்கலாமாங்ணா?"

"ஏன் தம்பி, கான்டெஸாவே வேணும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார். அவங்க அப்பாவை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். மாமா 90-கள்ல ஒரு சேகோ ஃபேக்டரி முதலாளிக்கு டிரைவர். பத்து வருஷத்துக்கு மேல முதலாளியோட கான்டெஸாவை ஓட்டினவர். "அப்பா ஒரு நாளும் பின் சீட்டுல உக்காந்ததில்லைங்ணா. நான் ஓட்டி அவரை உக்கார வெக்கணும்."

இதைக் கேட்ட பிறகு "வேண்டாம்பா, எஸ்.ஐ.பி. போடு"ன்னு சொல்லிட்டு போனை வெக்க மனசு வரலை. ஆசை நியாயமானதுதான். ஆனா ஆசைக்கும் ஒரு விலை இருக்கு. அது 9 லட்சம் இல்லை. எவ்வளவுன்னு அன்னைக்கு உக்காந்து போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. உங்க கனவு ஆர்.எக்ஸ்.100, யெஸ்டி, பத்மினின்னு எதுவா இருந்தாலும் இதே கணக்குதான்.

முதல்ல, கான்டெஸாவுக்கு ஏன் இந்த மவுசு?

அமெரிக்காவுல 'மசில் கார்'னு ஒரு வகை உண்டு. நடுத்தர அளவு கார்ல பெரிய வி8 எஞ்சினை வெச்சு, சாதாரண சம்பளக்காரனும் வாங்கற விலைக்கு வித்த வண்டிகள். 1964-ல வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் இதுக்கு ஆரம்பமா சொல்வாங்க. அதே வருஷம் ஏப்ரல்ல ஃபோர்டு மஸ்டாங் 2,368 டாலர் ஆரம்ப விலைக்கு வந்துச்சு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்தக் காலம் முடிஞ்சு போச்சு.

நம்ம நாட்டுல அந்த மாதிரி நீளமான பானெட்டும் அகலமான உடம்பும் பின் சக்கர இழுவையும் இருந்த கார்னா, சட்டுனு நினைவுக்கு வர்றது இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாதான். 1984-ல வந்துச்சு. இங்கிலாந்தோட வாக்ஸால் கார் டிசைன். மேற்கு வங்கம் உத்தரபாராவுல தயாரிப்பு. உடம்பு பயில்வான், ஆனா முதல்ல உள்ள இருந்தது அம்பாசடர் வழி வந்த 1.5 லிட்டர் எஞ்சின். மேடு ஏறினா மூச்சு வாங்கும். பிறகு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகுதான் ஓட்டறதுக்கும் நல்ல வண்டின்னு பேர் எடுத்துச்சு. 2002-ல உற்பத்தி நின்னுடுச்சு. இனி புதுசா வராது, இருக்கறதும் குறையும். அதனாலதான் 'விலை ஏறும்'ங்கற பேச்சு.

ரீஸ்டோர் வேற, அப்கிரேடு வேற

விளம்பரத்துல ரெண்டும் ஒரே வரியில வரும். ஆனா ரெண்டும் எதிரெதிர் திசை.

ரீஸ்டோர்னா வண்டியை கம்பெனியில இருந்து வந்த நிலைமைக்குத் திருப்பிக் கொண்டு போறது. அதே எஞ்சின், அதே மீட்டர், அதே பெயிண்ட் நிறம். அப்கிரேடுன்னா பழைய உடம்புக்குள்ள புது சாமான் வெக்கிறது. வேற எஞ்சின், பவர் ஸ்டீயரிங், அலாய் வீல், புது மியூசிக் சிஸ்டம். அமெரிக்காவுல பழைய மஸ்டாங், கமாரோ உடம்புல புது எஞ்சின் வெச்சு விக்கறது தனித் தொழிலாவே நடக்குது. இங்க அப்படிச் செஞ்சா என்ன சிக்கல்னு கீழே பார்ப்போம்.

'நான் 11 லட்சம் போட்டிருக்கேன்'

விக்கறவர் தம்பிக்கு ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தார்:

- வண்டி வாங்கினது: 1,80,000
- டிங்கர் வேலை, பெயிண்ட்: 3,20,000
- எஞ்சின், கியர்பாக்ஸ்: 2,60,000
- ஏ.சி., பவர் ஸ்டீயரிங்: 1,10,000
- சீட், உள்வேலை: 1,30,000
- அலாய் வீல், டயர், லைட், மியூசிக்: 1,20,000
- மொத்தம்: 11,20,000

"2 லட்சத்துக்கு மேல நஷ்டத்துலதான் குடுக்கறேன்"னாராம். லிஸ்ட் பொய்னு நான் சொல்லலை. உண்மையாவே செலவு பண்ணியிருக்கலாம். ஆனா நகைக்கடையை நினைச்சுப் பாருங்க. செய்கூலி, சேதாரம் எல்லாம் குடுத்து நகை வாங்கறோம். திருப்பி விக்கப் போனா தங்கத்துக்கு மட்டும்தான் காசு. செய்கூலியை எந்தக் கடைக்காரரும் திருப்பித் தர்றதில்லை.

பழைய வண்டியும் அதேதான். அவர் போட்ட காசு அவரோட செலவு. வண்டியோட விலை, அடுத்த ஆள் என்ன குடுப்பார்ங்கறது மட்டும்தான். இங்க ஒண்ணு கவனிங்க: 11 லட்சம் போட்டவரே 9-க்கு விக்கத் தயாரா இருக்கார்னா, 'விலை ஏறிட்டே போகும்'ங்கறதை அவரே நம்பலைன்னுதானே அர்த்தம்?

5 வருஷத்துல நிஜமா எவ்வளவு ஆகும்?

பழைய காருக்கு கடன் குடுக்கற பேங்குகள் வண்டி வயசுக்கு ஒரு வரம்பு வெச்சிருக்கும். 30 வருஷ வண்டி பெரும்பாலும் அதுல வராது. அதனாலதான் தம்பி பர்சனல் லோனுக்குப் போறார். இதை இப்படிப் பாருங்க: பேங்க் அந்தக் காரை நம்பலை, உங்க சம்பளத்தைத்தான் நம்புது.

6 லட்சம், 13% வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்குவோம்.

- மாத இ.எம்.ஐ.: சுமார் 13,650
- 60 மாசத்துல கட்டற மொத்தம்: சுமார் 8,19,000 (வட்டி மட்டும் 2,19,000)
- கையில இருந்து போட்ட 3,00,000. இதை 7% வட்டிக்கு டெபாசிட்ல விட்டிருந்தா 5 வருஷத்துல சுமார் 4,20,000 ஆகியிருக்கும்.
- தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்: 1500 சி.சி.க்கு மேல உள்ள காருக்கு 2022 ஜூன்ல அறிவிச்ச கட்டணம் 7,897. ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் 9,300. 5 வருஷத்துக்கு 46,500.
- பராமரிப்பு: வருஷம் 40,000-ன்னு கம்மியா வெச்சாலும் 2,00,000.

கூட்டினா சுமார் 14,85,000. எரிபொருளை சேர்க்கவே இல்லை. இது வேற யாரோட வண்டியா இருந்தாலும் ஆகும்னு விட்டுட்டேன்.

அதாவது 9 லட்சத்துக்கு வாங்கின கார் 5 வருஷம் கழிச்சு 14.85 லட்சத்துக்கு வித்தாதான் 'அசல்' வரும். வருஷத்துக்கு சுமார் 10.5% ஏறணும். ஏறினாலும் அந்த விலைக்கு ஒரு ஆள் நேர்ல வந்து காசை எண்ணி வைக்கணும். மியூச்சுவல் ஃபண்டை வித்தா சில நாள்ல காசு அக்கவுண்டுக்கு வந்துடும். கான்டெஸாவுக்கு ஆள் வர ஒரு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அம்மாவுக்கு அவசர ஆபரேஷன்னா அலாய் வீலைக் கழட்டி ஆஸ்பத்திரியில கட்ட முடியாது.

"ஆனா அண்ணா, அமெரிக்காவுல பழைய மஸ்டாங் கோடிக்கணக்குல போகுதே?" தம்பி யூடியூப் பார்த்துட்டுதான் வந்திருந்தார்.

உண்மைதான். 'புல்லிட்' படத்துல ஸ்டீவ் மெக்வீன் ஓட்டின 1968 மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-ல 6,000 டாலருக்கு வாங்குச்சு. 2020 ஜனவரியில ஏலத்துல கட்டணம் எல்லாம் சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போச்சு. கணக்குப் போட்டா 46 வருஷம், வருஷத்துக்கு சுமார் 15%. அருமையான வருமானம்! ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, அது உலகமே பார்த்த சினிமா கார். அதே வருஷம் வந்த லட்சக்கணக்கான மஸ்டாங்குகள்ல பெரும்பாலானது பழைய இரும்புக்குப் போயிருக்கும். அதைப் பத்தி யாரும் வீடியோ போடறதில்லை. ரெண்டு, அந்தக் கார் பளபளன்னு ரீஸ்டோர் பண்ணினதே இல்லை. மங்கின பெயிண்ட்டோட, பழைய நிலைமையிலயே ஏலத்துக்கு வந்துச்சு. அசலா இருந்ததுக்குத்தான் அந்த விலை.

நேர்ல போய்ப் பார்த்தோம்

கணக்கு மட்டும் போட்டா தம்பிக்கு மனசு ஆறாதுன்னு அடுத்த ஞாயிறு கிளம்பினோம். தம்பி, மாமா, நான், கூடவே நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டற பட்டறையில பல வருஷம் டிங்கரா இருந்த ஒருத்தர். ஒரு காலத்துல சேலத்துக்கே குடிதண்ணி குடுத்த எங்க ஊர் ஏரிக்குப் பக்கத்துல ஒரு ஷெட்டுல வண்டி நிக்குது. அடர் பச்சை, குரோம் பம்பர். நிஜமா சொல்றேன், எனக்கே ஒரு நிமிஷம் லோன் போடலாமான்னு தோணுச்சு.

டிங்கர் அண்ணன் பையில இருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்தார். பானெட்ல ஒட்டுச்சு. கதவுக்குக் கீழ, சக்கரத்துக்கு மேல ஒட்டவே இல்லை. "உள்ள தகடு துருப்பிடிச்சு போயிருக்கும். வெட்டி ஒட்டாம பட்டி அப்பி பெயிண்ட் அடிச்சிருக்காங்க. ரெண்டு மழைக்காலம் தாண்டாது." 3.2 லட்சம் டிங்கர் வேலை அங்கயே கரைஞ்சு போச்சு.

அப்புறம் விக்கறவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். மாமா வெளியில நின்னுட்டு இருந்தவர், திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இது டீசலா?"

ஆமா. இசுஸு பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு, வேற கம்பெனி ஜீப் வகை வண்டியோட 2.5 லிட்டர் டீசல் எஞ்சினை வெச்சிருந்தாங்க. அதுதான் 'அப்கிரேடு'. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். எரிபொருள்: பெட்ரோல். எஞ்சின் நம்பர் வேற. "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார்"னார்.

யாரும் பார்க்கலைன்னாலும் சட்டம் இருக்கு

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

கம்பெனி குடுத்த விவரம் மாறும்படி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணியிருக்கு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும் கிடைக்கலாம். இதுக்கு வண்டி ஓனர் பொறுப்பு.

அபராதத்தை விட பெரிய பயம் இன்சூரன்ஸ். பாலிசி எடுத்தது பெட்ரோல் கான்டெஸாவுக்கு, ரோட்ல ஓடறது டீசல் எஞ்சின். ஒரு விபத்து நடந்தா க்ளெய்மை மறுக்க நாமே காரணம் எடுத்துக் குடுக்கறோம். எதிர்ல வந்தவருக்கு உயிர் சேதம்னா இழப்பீடு லட்சக்கணக்குல போகும். அது உங்க தலையில வந்தா 9 லட்சம் கார் ஞாபகமே வராது.

இன்னொண்ணு, ஆர்.சி. புதுப்பிப்பு. சொந்த வண்டிக்கு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். 20 வயசு தாண்டின காருக்கு இதுக்கான கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆச்சு. பசுமை வரி தனி. எஞ்சின் நம்பர் பொருந்தாத வண்டியை எந்த தைரியத்துல ஆய்வுக்குக் கொண்டு போறது?

"வின்டேஜ்னு பதிஞ்சுக்கலாமே?" அதுக்கு 2021-ல தனி விதி வந்திருக்கு. வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் கூடாது. முதல் கான்டெஸாவுக்கே 50 வயசு ஆக 2034 வரணும். இந்த வண்டிக்கு 2042. அப்பவும் எஞ்சின் மாத்தினதால கிடைக்காது. அதாவது, வருங்காலத்துல விலை ஏற வெக்கிற ஒரே விஷயத்தை 2.6 லட்சம் குடுத்து அழிச்சிருக்காங்க.

கடைசியா, "கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டா இ.எம்.ஐ. வந்துடும்"னார். வெள்ளை நம்பர் பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. அதுக்கு வேற பதிவு, பெர்மிட், வேற இன்சூரன்ஸ். அந்த வருமானத்தை கணக்குல சேர்க்கவே சேர்க்காதீங்க.

வரி விஷயம், சுருக்கமா

1. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த காரை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. சட்டப்படி அது 'சொந்த உபயோகப் பொருள்'. அதேபோல நஷ்டம் வந்தா அதை வேற எந்த வருமானத்துலயும் கழிக்கவும் முடியாது.

2. ஆனா வருஷத்துக்கு மூணு, நாலு வண்டி வாங்கி, ரீஸ்டோர் பண்ணி வித்தா அது வியாபாரம். லாபம் வியாபார வருமானமா சம்பளத்தோட சேர்ந்து, ஸ்லாப் படி வரி வரும்.

3. "4 லட்சம் கேஷா குடுங்க"ன்னு கேட்டார். ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. மீறினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அபராதம் வாங்கறவருக்குத்தான், ஆனா நமக்கும் நல்லதில்லை. ரொக்கமா குடுத்த 4 லட்சத்துக்கு நம்ம கையில ஆதாரம் இருக்காது. நாளைக்கு வண்டியில வில்லங்கம்னா கேஸ் போட முடியுமா?

4. தனி ஆள் தனி ஆளுக்கு வித்தா ஜி.எஸ்.டி. இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள டீலர்கிட்ட வாங்கினா, அவரோட லாபத்து மேல 18% வரி உண்டு. அது விலையில சேர்ந்து நம்மகிட்டதான் வரும்.

அப்படின்னா வாங்கவே கூடாதா?

வாங்கலாம். 'இன்வெஸ்ட்மென்ட்'னு பேர் வெக்காம வாங்கலாம். டூர் போறோம், அதுல லாபமா பார்க்கறோம்? சந்தோஷத்துக்கு செலவு பண்றோம், அவ்வளவுதான். நான் சொல்ற வரிசை இது:

- 6 மாச செலவுக்கு அவசர நிதி, குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ், டேர்ம் பாலிசி. இந்த மூணும் முடிஞ்ச பிறகுதான் ஆசை வண்டி.
- ஆசை வண்டிக்கு கடன் வேண்டாம். முழுசா சேர்த்து வாங்குங்க.
- பளபளப்பை விட அசல் முக்கியம். பெயிண்ட் மங்கியிருந்தாலும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோட ஒத்துப் போகணும். ரெண்டையும் நீங்களே வண்டியில தடவிப் பார்த்துப் படிங்க.
- ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும், கடன் பதிவு நிலுவை இருக்கா, பழைய அபராதம் இருக்கான்னு பரிவாகன் தளத்துல பாருங்க. வேற மாநில வண்டின்னா என்.ஓ.சி. இல்லாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.
- ஒரு காந்தமும் நல்ல டிங்கரும் கூட வரணும். அவருக்குக் குடுக்கற 1,000, 2,000-தான் இதுல நீங்க போடற நல்ல முதலீடு.
- படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்தாகி, பேர் மாறற வரைக்கும் ஒரு பகுதி பணத்தைப் பிடிச்சு வைங்க. விக்கறவருக்கும் இது முக்கியம். ஆர்.சி.யில பேர் மாறலைன்னா விபத்து இழப்பீட்டுக்கு பழைய ஓனர்தான் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.
- 5 வயசு தாண்டின வண்டிக்கு காப்பீட்டுத் தொகையை கம்பெனியும் நாமும் பேசி முடிவு பண்றதுதான் முறை. பல இடத்துல இவ்வளவு பழைய வண்டிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் குடுப்பாங்க. வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

தம்பி என்ன பண்ணினார்?

விக்கறவர்கிட்ட கேட்டு மாமா ஷெட்டு வாசல்லயே வண்டியை கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்திப் பார்த்தார். ரோட்டுக்கு எடுக்கலை. இறங்கி வந்து கதவை மெதுவா சாத்தினார்.

"நல்லா பண்ணிருக்காங்கப்பா. ஆனா நான் ஓட்டினது இந்த வண்டி இல்லை. அது ஓடறதே தெரியாது. டீக்கடை முன்னாடி நிறுத்தினா, எஞ்சின் ஆஃப் பண்ணிட்டேனான்னு முதலாளி கேப்பாரு."

தம்பி வாங்கலை. வீட்டுக்கு வர்ற வழியில கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்தார். அன்னைக்கு சாயங்காலமே ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சோம். கட்ட இருந்த இ.எம்.ஐ. அதே 13,650. 6.5% வட்டின்னு வெச்சா 3 வருஷத்துல சுமார் 5.4 லட்சம் வரும் (வட்டிக்கு ஸ்லாப் படி வரி உண்டு). கையில இருக்கற 3 லட்சம் அவசர நிதியா அப்படியே இருக்கும். அதுக்குள்ள எஞ்சின் மாத்தாத, பெட்ரோல் இசுஸு கான்டெஸா ஒண்ணு கண்ல பட்டா, டிங்கர் அண்ணனையும் மாமாவையும் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. காந்தம் இப்ப தம்பி பையிலயே இருக்கு.

மாமாவுக்கு இப்ப 63. மூணு வருஷம் காத்திருக்கணுமேன்னு தம்பிக்கு ஒரு தவிப்பு. அதனால போன வாரம் ஒரு செல்ஃப் டிரைவ் கார் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, அப்பாவை பின் சீட்டுல உக்கார வெச்சு ஏற்காடு கூட்டிட்டுப் போயிட்டு வந்தாராம். கொண்டை ஊசி வளைவு முழுக்க மாமா, "செகண்ட் கியர் போடு, செகண்ட் கியர் போடு"ன்னு சொல்லிட்டே வந்தாராம்.

இந்த இ.எம்.ஐ. கணக்கையும், ஆர்.சி.யை எப்படி சரிபார்க்கறதுங்கறதையும் நம்ம சேனல்ல வீடியோவா விரிவா போட்டிருக்கேன். உங்க கனவு வண்டியோட விலையையும் உங்க சம்பளத்தையும் போட்டு நீங்களே ஒரு தடவை கணக்குப் பாருங்க. ஆசை வண்டி தேடிட்டு இருக்கற ஃப்ரெண்டுக்கு இதை அனுப்பி வைங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி!

(இது பொதுவான தகவலுக்காக எழுதினது. கட்டணங்களும் வரி விதிகளும் மாறலாம். உங்க சொந்த விஷயத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துலயும் உங்க ஆடிட்டர்கிட்டயும் கேட்டு முடிவு பண்ணுங்க.)